தினமும் ஓட்டும் ஜிஆர் 86-க்கு மாற்று டயர்: டொரொண்டோ சாலைகளுக்கு எது பொருந்தும்?

தெற்குக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2022-ஆம் ஆண்டின் டொயோட்டா ஜிஆர் 86. பிரீமியம் ரகம், ஆறு கியர் மேனுவல். காரோடு வந்தவை மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 சம்மர் டயர்கள், 215/40 ஆர்18 அளவு (215 மில்லிமீட்டர் அகலம், அதில் 40 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்). நான்கிலும் பட்டன், அதாவது சாலையைத் தொடும் வரிக்கட்டைகள், தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் மிஞ்சியிருக்கிறது. காய்ந்த சாலையில் இன்னும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் மழை பலமாகப் பெய்யும் நாட்களில், டான் வேலி பார்க்வே நெடுஞ்சாலையில் தேங்கிய நீரைக் கடக்கும்போது முன்பக்கம் இலேசாகிப் போவதை ஸ்டியரிங்கிலேயே உணர முடிகிறது. 17 அங்குல ரிம்களில் வைத்திருந்த விண்டர் டயர்களும் வயதாகி இறுகிவிட்டன. ஆக, இரண்டு செட்டையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர வீட்டில் வேறு கார் கிடையாது. மார்க்கம் நகரிலிருந்து டொரொண்டோ டவுன்டவுனுக்கு ஆண்டு முழுவதும் இதில்தான் வேலைக்குப் போகிறேன். கோடையில் எப்போதாவது மோஸ்போர்ட் பந்தய சர்க்யூட்டுக்கும் எடுத்துச் செல்வதுண்டு. நண்பர்கள் சிலர், நல்ல ஆல் சீசன் டயர் ஒரே செட்டாக வாங்கிப் பன்னிரண்டு மாதமும் ஓட்டலாம் என்கிறார்கள். இன்னும் சிலர், ஸ்போர்ட்ஸ் காரில் ஆல் சீசன் போடுவதற்கு அந்தக் காரையே வாங்கியிருக்க வேண்டாம் என்கிறார்கள். இரு தரப்புக்கும் காரணங்கள் என்னவென்று அறிந்த பிறகு முடிவெடுக்க விரும்புகிறேன்.

பின்சக்கரம் எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் ஒரே செட் என்ற யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நீங்கள் குறிப்பிடும் வகை ஆல் சீசன் ரயர்களில் இங்கே அதிகம் விற்பனையாவன கொன்ரினென்டல் எக்ஸ்ட்ரீம்கொன்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ்ஸும் மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-உம் ஆகும். இரண்டும் சிறந்த ரயர்கள்தான். ஆனால் இரண்டிலும் பக்கச்சுவரில் இருப்பது "எம் பிளஸ் எஸ்" (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டுமே. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளம் கிடையாது. "எம் பிளஸ் எஸ்" என்பது பட்டனின் அமைப்பை வைத்து இடப்படும் பெயர். அதற்காக எந்த ரயரும் பனியில் ஓட்டிப் பார்க்கப்பட வேண்டியதில்லை. மலை அடையாளத்துக்காவது, இறுகிய பனியில் இழுவை எவ்வளவு என்று ஒரு ஒப்பீட்டு ரயரோடு வைத்துச் சோதிக்கிறார்கள். அதிலும் பனிக்கட்டியில் பிரேக் பிடித்துப் பார்ப்பது அடங்காது. அப்படியிருக்க, அந்த அடையாளமும் இல்லாத ரயரில், பின்சக்கரம் இழுக்கும் இந்தக் காரில், ஜனவரி மாதத்து 401 நெடுஞ்சாலையில் பயணிப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனாலும் 2016 ஜனவரியிலிருந்து இங்குள்ள வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் வின்ரர் ரயர் போடுபவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு செட் வைத்திருந்தால் செலவு இரட்டிப்பாகும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. ஒரு செட் ஓடும் மாதங்களில் மற்றது தேயாமல் நிலவறையில் கிடக்கிறது. கூடுதலாக ஆகும் செலவு ரிம்முக்கும் மாற்றுக் கூலிக்கும்தான். ரிம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே குளிர்காலத்துக்கு நல்ல வின்ரர் ரயர் என்று வைத்துக்கொண்டு, ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைக்கும் என்ன போடுவது என்பதை மட்டும் இங்கே விவாதிப்பது நல்லது.

மார்க்கம்வாசி எழுதியது:

குளிர்காலத்தைப் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மீதமுள்ள ஏழு மாதங்களுக்கும் ஆல் சீசன் போடலாம் என்றே நான் சொல்வேன். சம்மர் டயரின் ரப்பர் கலவை குளிரில் இறுகும்; ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் பிடிப்பு விரைவாகக் குறையத் தொடங்குகிறது. இது சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே நொடியில் நிகழ்வதல்ல. பத்து டிகிரியிலேயே வேறுபாட்டை உணரலாம். நம் ஊரில் ஏப்ரல் மாதக் காலை ஏழு மணிக்கு வெப்பநிலை பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. அக்டோபரின் பின்பாதியும் அப்படியே. தினமும் வேலைக்குப் போகும் ஒருவர் அந்த நேரத்தில்தான் சாலையில் இருக்கிறார். டயர் சூடேறும் முன்பே நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவும் வந்துவிடுகிறது.

டிடபிள்யூஎஸ் 06 பிளஸ்ஸில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பட்டனிலேயே பொறித்திருக்கும் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகள். தேயத் தேய முதலில் எஸ் மறைகிறது. பனிக்கு இனி அதை நம்பக் கூடாது என்று பொருள். அடுத்து டபிள்யூ மறைந்தால் மழைக்கும் அது தகுதி இழந்துவிட்டது. பட்டன் ஆழத்தை அளக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் என்பதால், இது உண்மையிலேயே உயிரைக் காக்கும் ஏற்பாடு. தேய்மானத் தரம் (எண் கூடினால் தேய்வு மெதுவாகும்) 560 என்று குறிக்கப்பட்டிருப்பதால் நீண்ட காலம் உழைக்கவும் செய்யும்.

வளைவு எழுதியது:

மார்க்கம்வாசி சொல்வது வேலைக்கு மட்டும் ஓட்டும் காருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் இழையைத் தொடங்கியவர் மோஸ்போர்ட்டையும் குறிப்பிட்டிருக்கிறார். இன்று கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று பெயர் மாறியிருக்கும் அந்தச் சர்க்யூட் 3.957 கிலோமீட்டர் நீளமும் பத்து வளைவுகளும் கொண்டது. வேகமான வளைவுகள், ஏற்ற இறக்கங்கள், கடிகாரச் சுற்றில் ஓட்டம். அதனால் இடது முன் டயர்தான் அதிகச் சுமையைத் தாங்குகிறது. ஆல் சீசன் டயரின் பட்டன் கட்டைகள் ஆழமாகவும், பனியைக் கவ்வுவதற்காக நுண்ணிய வெட்டுகளோடும் இருப்பவை. வளைவில் முழுச் சுமை ஏறும்போது அந்தக் கட்டைகள் வளைந்து நெளிகின்றன. அந்த நெளிவே வெப்பமாகி, சில சுற்றுகளிலேயே டயர் வழுக்கத் தொடங்கிவிடுகிறது. வெளி ஓரம் துண்டு துண்டாகப் பிய்ந்து வருவதையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பிடிப்பு வேண்டுமென்றால் பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்ற, தேய்மானத் தரம் 200 உள்ள டயர்களைப் பார்க்கலாம். பிரேக்கில் கால் வைத்த கணத்திலேயே வேறுபாடு தெரியும். அவற்றையும் சாலையில் சட்டப்படி ஓட்டலாம்.

பின்சக்கரம் எழுதியது:

வளைவு சொல்வதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டப்படி ஓட்டலாம் என்பதும் தினமும் ஓட்டத் தகுந்தது என்பதும் வேறு வேறு. 200 தர ரயர்கள் புதிதாக இருக்கும்போதே மற்ற சம்மர் ரயர்களை விட வரிப்பள்ளம் ஆழம் குறைந்தவை. பாதி தேய்ந்தால் மழைநீரை வெளியேற்ற இடமே இருக்காது. 2024 ஜூலை 16 அன்று பெய்த மழையில் டான் வேலி பார்க்வேயே மூழ்கிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சாதாரணக் கோடை மழையிலேயே லொறிகள் அழுத்தி உண்டாக்கிய தடங்களில் தண்ணீர் நிற்கிறது. ஜிஆர் 86 ஏறத்தாழ 1,280 கிலோ எடையுள்ள இலேசான கார். இலேசான காருக்கு அகலமான, பள்ளம் குறைந்த ரயர் போட்டால் அது தண்ணீரைக் கிழித்து அடியில் உள்ள தாரைத் தொடுவதற்குப் பதிலாக மேலே ஏறிக்கொள்கிறது. மோஸ்போர்ட்டுக்குப் போகும் ஒரு நாளுக்காக, மழையில் வீடு திரும்பும் எல்லா நாள்களிலும் அந்த ஆபத்தைச் சுமக்கத் தேவையில்லை.

தேய்மானத் தரம் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு விளக்கம். அமெரிக்க விதிப்படி, ரயரை டெக்சாஸில் வகுத்துள்ள பாதையில் 7,200 மைல் ஓட்டி, ஒரு ஒப்பீட்டு ரயரோடு வைத்துத் தேய்மானத்தைக் கணிக்கிறார்கள். அதன் அடிப்படையில் தரத்தை அறிவிப்பது அரசு அல்ல, உற்பத்தியாளரே. எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு ரயர்களை ஒப்பிட அது உதவும்; ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 340-உடன் ஒப்பிட்டு முடிவெடுப்பது சரியாக வராது.

நான் சொல்ல வருவது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வகையை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கொன்ரினென்டல் எக்ஸ்ட்ரீம்கொன்டாக்ட் ஸ்போர்ட் 02, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹோக் இண்டி 500 ஆகியவை 300 முதல் 340 வரையான தரம் உள்ளவை. நனைந்த சாலையில், இளஞ்சூட்டில், பிரேக் தூரம் என்ற ஒன்றைத்தான் தினமும் ஓட்டுபவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலையில் அவசரம் நேரும் கணத்தில் நமக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். அந்த அளவுகோலில் இந்த வகை ரயர்கள் ஆல் சீசனை விடத் தெளிவாக முன்னே நிற்கின்றன. சர்க்யூட்டில் ஒரு நாளையும் தாங்கும்.

மார்க்கம்வாசி எழுப்பிய குளிர்காலைப் பிரச்சினை உண்மையானது. அதற்கு என் பதில், வின்ரர் ரயரைச் சற்றுத் தாமதமாகக் கழற்றிச் சற்று முன்னதாகப் பூட்டுவதுதான். நாட்காட்டியைப் பார்க்காமல், காலை வெப்பநிலை தொடர்ந்து ஏழு பாகைக்கு மேல் வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்னொன்றும் முக்கியம். உறைநிலைக்கு வெகு கீழே சம்மர் ரயரின் றப்பரில் விரிசல் விழவும் கூடும். மிஷலின் தன் சம்மர் ரயர்களைப் பற்றி, மைனஸ் 7 பாகைக்குக் கீழே குளிர்ந்தவற்றைக் குறைந்தது 24 மணி நேரம் 5 பாகைக்கு மேலான இடத்தில் வைத்த பிறகே அசைக்க வேண்டும் என்று எச்சரிக்கிறது. எனவே கழற்றிய சம்மர் செட்டை வெளிக் கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள்.

தெற்குக்காற்று எழுதியது:

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரே செட் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இனி அளவைப் பற்றிக் கேட்க வேண்டும். 215-க்குப் பதிலாக 225/40 ஆர்18 போட்டால் தேர்வு அதிகம் என்று கடையில் சொன்னார்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸும் அந்த அளவில் கிடைக்கிறது. அதே சமயம், சென்ற வசந்தத்தில் சாலைக்குழியில் இறங்கி ஒரு ரிம் வளைந்தது என்பதால், கோடைக்கும் 17 அங்குலத்துக்கே மாறினால் என்ன என்ற யோசனையும் இருக்கிறது. அப்படிச் செய்தால் காரின் கூர்மை குறைந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அளவு பற்றிய கேள்வி என்பதால் எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 215/40 ஆர்18 டயரின் மொத்த விட்டம் 629 மில்லிமீட்டர். 215/45 ஆர்17-இன் விட்டம் 625. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் வேகமானியோ கியர் விகிதமோ பாதிக்கப்படாது. இரண்டுமே இந்தக் காருக்குத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட அளவுகள். மாறுவது பக்கச்சுவரின் உயரம். 18-இல் அது 86 மில்லிமீட்டர், 17-இல் ஏறத்தாழ 97. பதினொரு மில்லிமீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குழியின் விளிம்பு ரிம்மைத் தொடுவதா, ரப்பரிலேயே நின்றுவிடுவதா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதினொன்றுதான்.

அடுத்து 225/40 ஆர்18. அதன் விட்டம் 637 மில்லிமீட்டர், அதாவது அசலை விட 1.3 விழுக்காடு பெரியது. அது பெரிய சிக்கல் அல்ல. கவனிக்க வேண்டியது ரிம்மின் அகலம். உங்கள் ரிம் 7.5 அங்குலம். அந்த அளவு டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலங்களில் 7.5 என்பதே மிகக் குறைந்த எல்லை. டயரை அளந்து அதன் அகலத்தைக் குறிப்பதே 8 அங்குல ரிம்மில் வைத்துத்தான். குறுகிய ரிம்மில் பூட்டினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுபட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் பதில் சொல்லும் நேரம் சற்றுத் தாமதமாகும். 215 அளவு டயர் அதே ரிம்மில் நேராக நிற்கிறது. 8 அல்லது 8.5 அங்குல ரிம் வாங்கப் போவதில்லை என்றால் 225 போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுமைக் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். 18 அங்குல அசல் டயரில் 85 என்றிருக்கும். ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். 17-இல் அது 87, அதாவது 545 கிலோ. இவற்றுக்குக் கீழே போகக் கூடாது, மேலே போகலாம்.

கூர்மை குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். 2012-இல் வந்த முதல் தலைமுறை 86-ஐ வடிவமைத்த தலைமைப் பொறியாளர் டாடா டெட்சுயா, பிடிப்பு மிகுந்த டயரைத் தவிர்த்து, சிக்கனத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட மிஷலின் பிரைமசி ஹெச்பியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். காரின் சமநிலையை ஓட்டுபவர் சாதாரண வேகத்திலேயே உணர வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இரண்டாம் தலைமுறையின் அடிப்படை ரகமும் அதே டயரோடு, 215/45 ஆர்17 அளவில்தான் வந்தது. ஆக, 17 அங்குலம் இந்தக் காருக்கு அந்நியமான ஒன்று அல்ல. இது அந்த அளவில் பிறந்த கார் என்றே சொல்லலாம். அதில் நல்ல சம்மர் டயரைப் போட்டால் கூர்மை குறையாது. ஸ்டியரிங்கின் முதல் அசைவில் ஒரு மெல்லிய மென்மை தெரியும். ஓட்டிப் பழகிய பிறகு அதுவும் மறைந்துவிடும்.

2022 மாடலில் இரண்டு ரகங்களுக்கும் பிரேக் ஒன்றே என்பதால் அடிப்படை ரகத்தின் 17 அங்குல ரிம் உங்கள் காரில் இடிக்காமல் பொருந்தும். 2024 மாடல் முதல், பெரிய பிரெம்போ பிரேக்கோடு வந்தவற்றுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வளைவு எழுதியது:

கணக்குப்பிள்ளையின் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். சர்க்யூட்டில் 17 அங்குலம் எந்தக் குறையும் இல்லாதது; மாற்று டயர் மலிவாகவும் கிடைக்கும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அசல் அமைப்பில் இந்தக் காரின் முன்சக்கரச் சாய்வு (கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மிகக் குறைவு. அதைக் கூட்டுவதற்கு அசல் அமைப்பில் வழியும் இல்லை. அப்படியே மோஸ்போர்ட்டில் ஓட்டினால் எந்த நல்ல டயரும் வெளி ஓரத்தில் தேய்ந்து, நடுவில் புதிதாகவே இருக்கும். முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு இரு பக்கமும் ஒன்றரை டிகிரிக்கு மேல் உட்சாய்வு கொடுத்தால் தேய்மானம் சமமாகும். வேலைக்குப் போகும் ஓட்டத்துக்கு அதனால் பாதகம் இல்லை. டயர் மாற்றும் அன்றே அலைன்மெண்டையும் செய்துவிடுவது நல்லது. முன்சக்கரங்களின் டோ அளவு (சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டிருந்தால் சாய்வை விட வேகமாக அதுவே டயரைத் தின்றுவிடும்.

மார்க்கம்வாசி எழுதியது:

17 அங்குலத்துக்கு என் முழு ஆதரவு. இங்கே குளிர்காலம் முடியும்போது, பகலில் உருகிய நீர் தாரின் விரிசலில் இறங்கி இரவில் உறைந்து விரிவடைந்து, மார்ச் முதல் மே வரை புதிய குழிகளைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. அந்த மாதங்களில் உயரம் குறைந்த பக்கச்சுவரை நான் விரும்புவதில்லை. ஆல் சீசன்தான் என் தேர்வு என்பதில் இன்னும் மாற்றம் இல்லை என்றாலும், விண்டர் டயரை ஏப்ரல் கடைசி வரை ஓட்டத் தயாராக இருப்பவருக்கு அண்ணன் சொல்லும் வழி பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மாலை நேர வேலை. அண்ணனின் அளவுகோலைப் பின்பற்றினால் அக்டோபரில் மதியம் ஒரு டயரும் நள்ளிரவில் இன்னொன்றும் தேவைப்படும் நிலையில் இருக்கிறேன். இப்படிப்பட்ட வேலைநேரம் உள்ளவர்கள் இதைப் படித்தால், என் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்.

தெற்குக்காற்று எழுதியது:

என் முடிவைப் பதிவு செய்கிறேன். அடிப்படை ரகத்தின் 17 அங்குல ரிம்களை, 18-க்கு மாறிய ஒருவர் விற்கிறார். அவற்றை வாங்கி எக்ஸ்ட்ரீம்கொன்டாக்ட் ஸ்போர்ட் 02 டயரை 215/45 ஆர்17 அளவில் போடப் போகிறேன். பழைய 17 அங்குல ரிம்களில் மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ விண்டர் டயர். 18 அங்குல ரிம்களை, வளைந்ததை விலக்கிவிட்டு, விற்றுவிடுவேன். பைலட் ஸ்போர்ட் 4எஸ் மீது ஆசை இருந்தது உண்மை. ஆனால் 7.5 அங்குல ரிம் பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகு, ஒரு பெயருக்காக அளவை வளைப்பது சரியாகப் படவில்லை. அடுத்த வாரம் கடைக்குப் போகிறேன். அங்கே கவனிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பின்சக்கரம் எழுதியது:

நல்ல முடிவு. கடையில் ரயரைப் பூட்டுவதற்கு முன்பே பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கிலும் அவை நெருங்கியிருக்க வேண்டும். வெகுநாள் கிடங்கில் கிடந்தவற்றை ஏற்க வேண்டாம். இந்த ரயரின் வெளிப்பக்கம் எது என்று பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். நான்கிலும் அது வெளியே தெரிகிறதா என்று நீங்களே சுற்றி வந்து பாருங்கள். நான்கும் ஒரே அளவு, சுழல்திசை கட்டுப்பாடும் இல்லை என்பதால், 8,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் இடம் மாற்றினால் எல்லாம் சமமாகத் தேயும். ஒரு சோடி மட்டும் தேய்ந்துவிட்டால், ஆழம் அதிகமுள்ளதை எப்போதும் பின்னால் வையுங்கள்; மழையில் பின்பக்கம் வழுக்குவதைத்தான் மீட்பது கடினம்.

காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டையின்படி, ரயர் குளிர்ந்திருக்கும் காலையில் வையுங்கள். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பதால், செப்டம்பருக்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய பூச்சு மிஞ்சியிருக்கும். முதல் சில நூறு கிலோமீற்றர் வரை வளைவுகளிலும் பிரேக்கிலும் நிதானமாக இருங்கள், மோஸ்போர்ட்டுக்கு அதன் பிறகு போங்கள். சக்கர நட்டுகளுக்கு இந்தக் காரில் 120 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பாமல் டோர்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் அதே அளவில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.